படிக்க முடியாத ஜாதகம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கும்பகோணத்திலிருந்து எழுதுகிறேன். அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் உங்கள் பத்திரிகைதான். ஆனால் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை.

மூன்று வாரத்துக்கு முன்பு ஞாயிறு இணைப்பில், ஆள், பொருள் என்று நேரடியாக உருவம் காட்டாத இன்றைய அரூப ஓவியங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. விதியையும் மனிதர்களுக்குள் இருக்கும் பந்தத்தையும் கோடுகளாலும் நிறங்களாலும் எப்படி வரைகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தார்கள். போன வாரம் ஒரு வாசகர் அதற்குப் பதில் எழுதியிருந்தார். நாலு கோட்டையும் இரண்டு வட்டத்தையும் போட்டு இதுதான் விதி என்றால் யார் நம்புவது, சாதாரண ஜனங்களுக்கும் இந்தப் படங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு என்னைக் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இப்போது அப்படிச் சொல்ல முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போகும். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளுங்கள். என் தம்பியின் நோட்டைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

என் அப்பா ஜாதகம் கணித்து எழுதிக் கொடுப்பவர். பரிகாரம் சொல்லிச் சம்பாதிக்கும் தொழில் அவருக்கு இல்லை. குழந்தை பிறந்தால் பிறந்த நேரத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் குறித்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஆண்டு நிறைவு முடிந்ததும் வந்து நோட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். திண்ணையில் ஒரு சாய்வு மேசை, பஞ்சாங்கம், சிலேட்டு, இரண்டு மைக்கூடு. கட்டத்துக்குச் சிவப்பு மை, எழுத்துக்கு நீலக் கறுப்பு மை. ரூல்தடியை வைத்துத் தொட்டெழுதும் பேனாவால் கோடு இழுப்பார். தடி உருளாமல் இருக்க அதன் ஒரு முனையை நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏழெட்டு வயதில் எனக்கு அதுதான் வேலை.

பிள்ளையார் சுழி, வாழ்த்துச் சுலோகம், வருஷம், மாதம், நாழிகை, பெற்றோர் பெயர். அப்புறம் பக்கத்தின் நடுவில் இரண்டு கட்டங்கள். ஒன்று ராசி, இன்னொன்று அம்சம். ஒவ்வொன்றிலும் சுற்றிலும் 12 வீடு. மேல் வரிசையில் இடது மூலை மீனம், அடுத்தது மேஷம், அப்படியே வலமாகச் சுற்றி வரும். வீடுகளுக்குள் சூ, சந், செ, பு என்று கிரகங்களின் முதலெழுத்துகள். லக்னம் விழுந்த வீட்டில் ஒரு 'ல'. கீழே தசை இருப்பு, அதாவது ஒவ்வொரு கிரகமும் ஆளும் காலத்தின் கணக்கு. ஒன்பது கிரகத்துக்கும் சேர்த்து மொத்தம் 120 வருஷம். அதில் பிறக்கும்போதே கழிந்துபோனது எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று வருஷம், மாதம், நாள் வரைக்கும் சிலேட்டில் கணக்குப் போட்டுப் பார்த்து எழுதுவார். எல்லாம் முடிந்த பிறகு நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் காய வைப்பது அம்மா.

கடிதம் எழுதிய வாசகருக்கு இதைத்தான் முதலில் சொல்ல விரும்புகிறேன். ஒரு மனுஷனை இதைவிட அரூபமாக வரைய முடியுமா? முகம் கிடையாது. கை கால் கிடையாது. சிரிப்பானா, கோபக்காரனா ஒன்றும் தெரியாது. 12 கட்டமும் ஒன்பது பத்து எழுத்தும்தான். அதை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தோம், பெண்ணை எடுத்தோம், நாள் குறித்தோம், கடை திறந்தோம். கோடு போட்டு விதி என்றால் யார் நம்புவது என்று அவர் கேட்கிறார். நம் ஊரில் எத்தனையோ வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், அப்படி ஒரு படம் பத்திரமாக இருக்கிறது.

போன வருஷம் பொங்கல் லீவு முடிந்து பேத்தியைக் கொண்டுபோய்க் கல்லூரி விடுதியில் விடச் சென்னைக்குப் போயிருந்தேன். "பாட்டி, நீ ஒரு இடம் பார்க்கணும்" என்று ஈ.சி.ஆர். சாலையில் ஈஞ்சம்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சோழமண்டலம் ஓவியர் கிராமம். அங்கே, சென்னை ஓவியப் பள்ளியைச் சுற்றி வளர்ந்த சென்னை ஓவிய இயக்கத்துக்கென்று 2009இல் திறந்த ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. முட்டிவலியோடு ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். பாதிப் படங்கள் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம். கே.சி.எஸ். பணிக்கரின் ஒரு படத்துக்கு முன்னால் மட்டும் கால் நின்றுவிட்டது.

அது ஒரு ஜாதக நோட்டின் பக்கம். அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. வெளிறிப்போன பழைய காகித நிறம். மேலே கட்டங்கள், பக்கத்தில் ஒரு சக்கரம், முக்கோணம், மீன் மாதிரி ஒன்று, பாம்பு மாதிரி ஒரு நெளிவு. இடம் விட்ட பக்கமெல்லாம் எறும்பு ஊர்வதுபோலப் பொடி எழுத்து. என் கண் தானாகவே மேல் வரிசைக்குப் போய் மீனத்தைத் தேடியது, எந்த வீட்டில் 'ல' இருக்கிறது என்று பார்த்தது. ரூல்தடியைப் பிடித்த கைக்கு வந்த பழக்கம் அது. 'ல' இல்லை. வீடுகளை எண்ணினேன், கணக்கு 12க்கு வரவில்லை. எழுத்தாவது படிக்கலாம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனேன். கிரந்தமோ என்று நினைத்தேன். எங்களோடு வந்திருந்த பேத்தியின் தோழி பாலக்காட்டுப் பெண். அவளும் உற்றுப் பார்த்துவிட்டு, "எழுத்து எங்க எழுத்து மாதிரிதான் இருக்கு பாட்டி, ஆனா வார்த்தையா வரமாட்டேங்குது" என்றாள்.

அன்றைக்கு ராத்திரி பேத்தியிடம் அவரைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டேன். ஊருக்கு வந்த பிறகு நூலகத்தில் கேட்டு வாங்கியும் படித்தேன். பணிக்கர் 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. இளம் வயதில் தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, அப்புறம்தான் சென்னை ஓவியப் பள்ளியில் அப்போது முதல்வராக இருந்த ராய் சௌத்ரியிடம் மாணவராகச் சேர்ந்தார். பின்னால் 1957இல் அதே பள்ளிக்கு முதல்வராகவும் ஆனார். 1954இல் லண்டனிலும் பாரிஸிலும் அவருடைய படங்களை வைத்திருக்கிறார்கள். அங்கே போய் மேல்நாட்டு ஓவியங்களை நேரில் பார்த்த மனிதர், நம் கையில் என்ன இருக்கிறது என்று பல வருஷம் தேடியிருக்கிறார். 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசையைத் தொடங்குகிறார். முதலில் கணக்குக் குறிகள், எண்கள், ஆங்கில எழுத்துகள். போகப்போக ஆங்கிலத்தை விட்டுவிட்டு மலையாள எழுத்துக்கு வந்துவிடுகிறார். ஜாதகக் கட்டமும் ஏட்டுச்சுவடியும் தாந்திரீகச் சக்கரமும் அதில் கலந்து வருகின்றன. 1977இல் இறக்கும் காலம் வரை அந்த வரிசையை அவர் விடவில்லை. அந்த எழுத்து படிப்பதற்காக எழுதியது இல்லை என்றும் படித்தேன்.

இதைப் படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். படிக்கக் கூடாது என்றே எழுதிய எழுத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு. தலையெழுத்து. விதி என்றாலே நமக்கு அது ஒரு எழுத்து. பிரம்மா எழுதினது என்கிறோம், எழுதாக்குறை என்கிறோம், "அவன் தலையில என்ன எழுதியிருக்கோ" என்கிறோம். அது நெற்றிக்கு உள்ளே இருக்கிறது. எழுதப்பட்டவனே படிக்க முடியாத இடத்தில். ஜாதகம் எழுதுகிறவன் அதைப் படித்து நோட்டில் பெயர்த்து எழுதித் தருவதாக ஒரு நம்பிக்கை. பணிக்கர் என்ன செய்தார் என்றால், நோட்டின் உருவத்தை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்குள் இருக்கும் எழுத்தை மறுபடியும் படிக்க முடியாதபடி ஆக்கிவிட்டார். அவர் விதியைப் பற்றித்தான் வரைந்தார் என்று அடித்துச் சொல்ல நான் வரவில்லை. கட்டமும் எழுத்தும் ஒரு ஓவியனுக்கு வெறும் வடிவமாகவும் பிடித்துப்போயிருக்கலாம். நான் சொல்வது அதன் முன்னால் நின்ற என் அனுபவம். பார்த்துப் பார்த்துப் பயந்த ஒரு காகிதம், அங்கே பயம் காட்டாமல் சுவரில் இருந்தது. ஏழரைச் சனி எங்கே, ஆயுளைச் சொல்லும் எட்டாம் இடம் எங்கே என்று அதில் யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது.

எட்டாம் இடம் என்று எழுதும்போது எனக்குக் கை நின்றுவிடுகிறது. இனி நோட்டைப் பற்றி.

எனக்கு ஒரு தம்பி இருந்தான். 1962 ஆவணியில் பிறந்தவன். மறு வருஷம் ஆண்டு நிறைவு முடிந்த கையோடு அப்பா அவனுக்கு நோட்டு எழுதினார். 1963. அதே வருஷம்தான் சென்னையில் பணிக்கர் அந்த வரிசையைத் தொடங்கினார் என்பது இப்போதுதான் எனக்குத் தெரியும். ஊரில் எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறவர் வீட்டில் பிள்ளையின் ஜாதகத்தை மட்டும் யாரும் பார்த்ததில்லை. அம்மா கேட்டால், "கல்யாண வயசு வரட்டும், எடுக்கலாம்" என்பார். தம்பியைக் காவிரிக்குக் கூட்டிக்கொண்டு போய் நீச்சல் பழக்கினார். எட்டாவது பாஸ் பண்ணினதும் பழைய ராலி சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தார். டைப்ரைட்டிங்கில் லோயர் முடித்து ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தான். 1981 ஐப்பசியில் மஞ்சள் காமாலை வந்து பதினோரு நாளில் போய்விட்டான். 19 வயது முடிந்து இரண்டு மாதம்.

அப்பா 1996இல் காலமானார். அவருடைய டிரங்குப் பெட்டியை நான்தான் ஒழித்தேன். ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டு போகாமல் விட்ட நோட்டுகள் அதில் நிறைய இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில், துணியில் சுற்றி, தம்பியின் நோட்டு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கமாக 12 பக்கம் பலன் எழுதுவது அப்பாவின் வழக்கம். ஏழாம் பக்கம் வரை அவருடைய முத்து முத்தான எழுத்து. எட்டாவதில் 'ஆயுள் பாவம்' என்று தலைப்பு மட்டும் இருந்தது. கீழே ஒன்றும் இல்லை. ஒன்பதாம் பக்கத்திலிருந்து மறுபடி பழையபடி எழுத்து.

வெறும் பக்கம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தபோதுதான் தெரிந்தது, அது வெறும் பக்கம் இல்லை. பென்சிலால் மூன்று வரிசை எண்கள் எழுதி, ரப்பரால் அழித்திருந்தார். அழித்த இடத்தில் காகிதம் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. ஒரு இடத்தில் தேய்த்துத் தேய்த்து மெலிந்து, வெளிச்சம் உள்ளே தெரிந்தது. பென்சில் அழுத்தின பள்ளம் மட்டும் விரலுக்குத் தட்டுப்பட்டது. எண் எதுவும் படிக்க வரவில்லை. சிலேட்டில் கணக்குப் போட்டுவிட்டுத்தான் நோட்டைத் தொடுவார் என்று சொன்னேன் அல்லவா? நோட்டிலேயே அவர் கணக்குப் போட்டு நான் பார்த்த ஒரே இடம் அதுதான்.

அப்பாவுக்கு என்ன விடை வந்தது என்று எனக்குத் தெரியாது. கணக்கே முடியாமல்கூட அழித்திருக்கலாம். ஜாதகம் பலிக்குமா என்ற விவாதத்துக்கும் நான் வரவில்லை. அது இந்தக் கடிதத்தின் விஷயம் இல்லை. அந்தப் பக்கத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு ஒரு மனிதர் பதினெட்டு வருஷம் அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சோறு சாப்பிட்டிருக்கிறார், சைக்கிளுக்குக் காற்று அடித்துக் கொடுத்திருக்கிறார். அதுதான் எனக்குத் தெரியும். ஈஞ்சம்பாக்கத்தில் அந்தப் படத்தில் எழுதி, மேலே நிறம் பூசி, மறுபடி கீறின மாதிரி ஓர் இடத்தைப் பார்த்தேன். என் விரல் அதைத் தொடப் போனது. பேத்தி கையைப் பிடித்துக்கொண்டாள், தொடக் கூடாது என்று. அவளுக்குக் காரணம் அப்போது தெரியாது. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்துதான் சொன்னேன்.

விதி சரி, உறவு எங்கே வருகிறது என்று கேட்கலாம். படத்துக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது, அந்த இடத்தையே பார்க்க வேண்டும். 1960களில் ஓவியப் பள்ளியில் படித்து முடித்து வெளியே வரும் பிள்ளைகளுக்குப் பிழைப்பு இல்லை. படம் வாங்க ஆள் இல்லை. எங்காவது குமாஸ்தா வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுவார்கள். இது முதல்வராக இருந்த பணிக்கரை உறுத்தியிருக்கிறது. கைத்தொழில் செய்து வயிற்றைக் கழுவிக்கொண்டு, மிச்ச நேரத்தில் நினைத்தபடி வரையலாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பாத்திக் துணியில் மெழுகு ஊற்றிச் சாயம் போட்டு விற்றார்கள். அப்படி வந்த பணத்தைச் சேர்த்துப் போட்டுக் கடற்கரை ஓரம் சுமார் 10 ஏக்கர் மணல் நிலம் வாங்கி, 1966இல் சோழமண்டலத்தைத் தொடங்கினார்கள். அன்றைக்கு ஈ.சி.ஆர். சாலை கிடையாது. ஆசிரியரும் மாணவர்களுமாகச் சேர்ந்து நின்று, தலையில் என்ன எழுதியிருந்தாலும் சரி என்று மணலில் குடிசை போட்டுக்கொண்டார்கள். அறுபது வருஷம் ஆகப்போகிறது, இன்னும் அங்கே ஓவியர்கள் குடியிருக்கிறார்கள். ஒரே ஊரில் பிறக்காத, ஒரே மொழி பேசாத, ஒருவர் ஜாதகத்தை ஒருவர் பார்க்காத மனிதர்கள். பொருத்தம் என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அது.

என் சொந்த ஜாதகம் எத்தனை வீட்டுக்குப் போய்த் திரும்பி வந்தது என்பது எனக்குத்தான் தெரியும். தபாலில் போகும், இரண்டு மாதம் கழித்து மடிப்போடு திரும்பி வரும். மஞ்சள் தடவின மூலை கடைசியில் வெள்ளையாகிவிட்டது. திரும்பி வந்த ஒவ்வொரு தடவையும் அப்பா அதைப் பிரித்துப் பார்ப்பார், தான் போட்ட கட்டத்திலேயே ஏதாவது பிசகு இருக்கிறதா என்று. என்னைப் பார்க்காமலே, ஒரு கட்டத்தைப் பார்த்து என்னை வேண்டாம் என்றார்கள். அந்த வலியை வைத்துக்கொண்டுதான் இந்தப் படங்களைப் பார்க்கிறேன். அதனால் ஒரு கட்டத்துக்குள் ஒரு ஓவியன் மீனையும் மரத்தையும் கொண்டுவந்து விடுவது எனக்கு விளையாட்டாகத் தெரியவில்லை.

உங்கள் கட்டுரையில் சிவப்பு நூலைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. சேரப்போகும் இரண்டு பேரின் காலில் நிலாக் கிழவர் கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் கயிற்றைக் கட்டிவிடுகிறார் என்பது சீனர்களின் பழங்கதை. ஜப்பானில் அதுவே சுண்டுவிரலில் கட்டிய நூல். இன்று உலகம் முழுக்க அரூபப் படங்களில் சிவப்புக் கோடு வந்தால் அந்த நூல்தான் என்று எழுதிவிடுகிறார்கள். ஓசாகாவில் பிறந்த சிஹாரு ஷியோட்டா என்பவர் ஓவியம் படித்தவர். அவர் தூரிகையை வைத்துவிட்டு நூலையே கையில் எடுத்தார். 2015 வெனிஸ் கண்காட்சியில் கூரையிலிருந்து சிவப்பு நூலை வலை மாதிரி பின்னி, அதில் ஆயிரக்கணக்கான பழைய சாவிகளைத் தொங்கவிட்டு, கீழே இரண்டு படகுகளை நிறுத்தியிருந்தார். சாவிகள் எல்லாம் ஜனங்கள் கொடுத்தவை. பேத்தி கைபேசியில் காட்டினாள். கண்ணில் நீர் வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. யாரோ பூட்டித் திறந்த வீடுகள் எல்லாம் ஒரே நூலில்.

ஆனால் அது அவர்களுடைய நூல். அங்கே அது பிறக்கும்போதே யாரோ கட்டிவிட்டது. நம்முடைய மஞ்சள் கயிறு பத்துப் பேர் பார்க்க, மனுஷக் கையால், மூன்று முடிச்சாகப் போடுவது. நாத்தனார் ஒரு முடிச்சுப் போடுகிறாள். இரண்டும் ஒன்று இல்லை. கட்டுரை எழுதுகிறவர்கள் ஜப்பான் நூலைக் கொண்டுவந்து நம் ஓவியர்களின் கோட்டுக்குக் கட்டிவிடாமல் இருந்தால் நல்லது. நம் ஓவியர்கள் கோட்டை எங்கிருந்து எடுத்தார்கள் என்று நம் வீட்டுக்குள்ளேயே பார்த்தால் போதும்.

குறியீடே இல்லாத படமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அச்சுதன் கூடல்லூர் என்று ஒருவர் இருந்தார். கேரளத்தில் பிறந்தவர், பொறியாளர் வேலை, சாயங்காலங்களில் ஓவியக் கழகத்துக்குப் போய் வரையப் பழகியவர். 2022இல் சென்னையில் காலமானார். அவர் படத்தில் கட்டமும் இல்லை, எழுத்தும் இல்லை. நிறம்தான். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. நகரத்தில் ஒரு கூடத்தில் அந்த மாதிரி ஒரு படத்தின் முன்னால் நின்றேன். பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டு முழுக்க ஆங்கிலம். அங்கே இருந்த பையனிடம் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டான். படம் எனக்குப் புரியாமல் இல்லை. சீட்டைத்தான் கேட்டேன். அந்த ஒரு வார்த்தையில் எத்தனை பேரை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பான் என்று வீடு வந்து சேரும் வரை மனசு ஆறவில்லை. உங்கள் வாசகரின் கோபத்துக்குப் பின்னாலும் இப்படி ஒரு பையன் இருந்திருப்பான் என்று நினைக்கிறேன்.

அதனால் உங்களிடம் இரண்டு வேண்டுகோள். ஓவியக் கண்காட்சி பற்றி எழுதும்போது படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டுப் பெரிய வார்த்தைகளாகப் பக்கத்தை நிரப்ப வேண்டாம். படத்தைப் பெரிதாகப் போடுங்கள். எந்த வருஷம் வரைந்தது, எவ்வளவு பெரியது, எண்ணெய்ச் சாயமா அக்ரிலிக்கா, இப்போது எங்கே போனால் பார்க்கலாம், இதைத் தமிழில் நாலு வரியில் கொடுங்கள். மற்றதைப் பார்க்கிறவர்களிடம் விடுங்கள். ஒரு தறிக்காரரிடம் கேளுங்கள், கோலம் போடுகிற பெண்ணிடம் கேளுங்கள், கொத்தனாரிடம் கேளுங்கள், அதில் என்ன தெரிகிறது என்று. விமரிசகர்களுக்குத் தெரியாத ஒன்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, கொஞ்சம் அவசரம். கையால் ஜாதகம் எழுதுகிறவர்கள் எங்கள் தெருவில் இப்போது ஒருவரும் இல்லை. எல்லாம் கம்ப்யூட்டரில் பத்து நிமிஷத்தில் பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் பேத்திக்குப் பணிக்கரின் படம் ஜாதகம் மாதிரித் தெரியவில்லை. நான் சொன்ன பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சிவப்பு மைக் கட்டத்தையும் பொடி எழுத்தையும் கண்ணால் பார்த்த கடைசித் தலைமுறை நாங்கள்தான். பெரியவர்கள் காலமானதும் பழைய நோட்டுகளை ஆற்றில் விட்டுவிடுகிறார்கள், இல்லாவிட்டால் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு அறிவிப்பு போடுங்கள். பெயரையும் ஊரையும் மறைத்துவிட்டு, பக்கங்களைப் படம் எடுத்து வாரம் ஒன்றாக வெளியிடுங்கள். பக்கத்திலேயே ஓர் அரூப ஓவியத்தையும் போடுங்கள். விளக்கம் வேண்டாம்.

அப்பா எழுதினவற்றில் 43 நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. ஓவியம் படிக்கும் பிள்ளைகள் யார் கேட்டாலும் பார்க்கக் கொடுக்கிறேன். நகல் எடுத்துக்கொள்ளட்டும், மேசையில் பரப்பி வைத்து வரைந்தும் பார்க்கட்டும். ரூல்தடியும் இருக்கிறது, ஒரு முனை கொஞ்சம் சிதைந்திருக்கும். தம்பியின் நோட்டை மட்டும் கொடுப்பதற்கில்லை. வீட்டுக்கு வந்தால், ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கும்பகோணம்.